வில்லியம் ஆஸ்லர்: மருத்துவர்களை உருவாக்கிய மருத்துவர்

மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியே வரும் ஓர் இளைஞர் அன்றைக்கே முழு மருத்துவர் ஆகிவிடுகிறாரா? சட்டத்தின் கண்ணுக்கு ஆகிவிடுகிறார். பெயருக்குப் பின்னால் சில எழுத்துகள் சேர்ந்துவிடுகின்றன. ஊரார் டாக்டர் என்று அழைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் இதய நோய்க்கு, நரம்பு நோய்க்கு, குழந்தை நோய்க்கு என்று தனித்துறை வல்லுநராக அவர் உயர்வதற்கு இன்னும் பல ஆண்டுகள் வேண்டும். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் யாரிடம் கற்கிறார்? ஐயம் எழும்போது யாரைக் கேட்கிறார்? அவர் தவறு செய்யுமுன் தடுக்க அருகில் நிற்பவர் யார்?

வரலாறு பயிலும் மாணவனாகிய எனக்கு மன்னர்களின் போர்களும் உடன்படிக்கைகளும் பழக்கமானவை. மருத்துவத்தின் வரலாற்றை நான் தேடிப் படிக்கக் காரணம், என் அக்கா மருத்துவம் படித்ததே. அப்படித் தேடியபோது, மேற்கூறிய கேள்விகளுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்ற ஒருவரைக் கண்டேன். அவர்தாம் வில்லியம் ஆஸ்லர். மருத்துவ மாணவர்கள் அவருடைய பெயரை நோய்க்குறிகளின் பெயர்களில் சந்திக்கிறார்கள். கலைக் கல்லூரி மாணவர்களாகிய நாமும் அவரை அறிந்துகொள்வது நலம் என்பதால் இதனை எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

கனடா நாட்டில், டொராண்டோ நகருக்கு வடக்கே உள்ள பாண்ட் ஹெட் என்னும் சிற்றூரில் 1849-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் ஆஸ்லர் பிறந்தார். தந்தையார் கிறித்தவ மதகுரு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து காடு சூழ்ந்த அந்நிலத்துக்கு இறைப்பணி செய்ய வந்தவர். ஒன்பது பிள்ளைகளுள் வில்லியம் கடைசி மகன்.

பிள்ளைப் பருவத்தில் அவர் செய்த குறும்புகள் கொஞ்சமல்ல. வாத்துக் கூட்டம் ஒன்றை வகுப்பறைக்குள் அடைத்து வைத்தார் என்று ஒரு கதை உண்டு. இறுதியில் பள்ளியை விட்டே நீக்கப்பட்டார். பின்னர் சேர்ந்த பள்ளியில் ஜான்சன் என்னும் மதகுரு ஆசிரியராக வாய்த்தார். அவர் மாணவர்களைக் குளத்துக்கும் காட்டுக்கும் அழைத்துச் சென்று, அங்கே கிடைத்தவற்றை நுண்ணோக்கியில் காட்டுவார். குறும்புக்காரச் சிறுவனின் கண் அந்தக் கண்ணாடி வில்லையில் ஒட்டிக்கொண்டது.

தந்தையைப் போல் மதகுருவாக எண்ணி 1867-இல் டொராண்டோவில் கல்லூரியில் சேர்ந்தவர், அடுத்த ஆண்டே மருத்துவத்துக்கு மாறினார். அங்கே பவெல் என்ற பேராசிரியர் தம் நூலகத்தை அவருக்குத் திறந்துவிட்டார். பின்பு மாண்ட்ரியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, பாமர் ஹோவர்டு என்ற பேராசிரியரிடம் பயின்று 1872-இல் பட்டம் பெற்றார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தாம் எழுதிய பெரும் நூலை ஜான்சன், பவெல், ஹோவர்டு ஆகிய இந்த மூன்று ஆசிரியர்களுக்கே அவர் காணிக்கையாக்கினார். தாம் ஏறிவந்த படிகளை அவர் மறக்கவில்லை.

பட்டத்துக்குப் பின் படிப்பு

அக்காலத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலும் நேரே ஊருக்குச் சென்று பலகை மாட்டி மருத்துவம் பார்க்கத் தொடங்கினர். அமெரிக்காவில் பல மருத்துவப் பள்ளிகள் ஆசிரியர்களே இலாபத்துக்கு நடத்தியவை. அவற்றில் நோயாளியைத் தொட்டே பார்க்காமல், சொற்பொழிவுகளைக் கேட்டே பட்டம் வாங்கியவர்களும் இருந்தார்கள். தனித்துறை வல்லுநராக விரும்பியவர் வசதியிருந்தால் கப்பலேறி வியன்னாவுக்கோ பெர்லினுக்கோ சென்று சில மாதங்கள் கற்று வருவார். வந்ததும் தம்மைத் தாமே வல்லுநர் என்று அறிவித்துக்கொள்வார். அவ்வாறு அறிவிக்கத் தகுதி உண்டா என்று சோதிக்க ஏற்பாடு எதுவும் இல்லை.

ஆஸ்லரும் ஐரோப்பாவுக்குச் சென்றார். லண்டனில் பர்டன் சாண்டர்சன் என்ற அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் ஓராண்டுக்கும் மேலாக உழைத்தார். இரத்தத்தில் உள்ள நுண்தட்டுகளைப் பற்றிய அவருடைய தொடக்க கால ஆராய்ச்சி அங்கே நடந்தது. பின் பெர்லினில் விர்க்கோவிடமும், வியன்னா மருத்துவமனைகளிலும் கற்றார். அங்கே அவர் கண்ட ஒரு வழக்கம் மனத்தில் ஆழப் பதிந்தது. ஜெர்மானியப் பேராசிரியர்களிடம் உதவியாளர்களாக இருந்த இளம் மருத்துவர்கள் ஓரிரு மாதங்களில் ஓடிவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்கி, சிறிது சிறிதாகப் பொறுப்பேற்று, தாமும் பேராசிரியர்களாக உயர்ந்தார்கள்.

1874-இல் மக்கில் பல்கலைக்கழகம் அவரை விரிவுரையாளராக அழைத்தது. அடுத்த ஆண்டே பேராசிரியரானார். மாண்ட்ரியலில் இருந்த பத்தாண்டுகளில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைகளைத் தம் கையாலேயே செய்தார். பெரியம்மை வார்டில் பணியாற்றிக் கிடைத்த ஊதியத்தை மாணவர்களுக்கு நுண்ணோக்கிகள் வாங்கச் செலவிட்டார். வெளிநாட்டு மருத்துவ இதழ்களைத் தனியாக வாங்க இயலாத இளம் மருத்துவர்கள் கூட்டாக வாங்கிப் படிக்க ஒரு மன்றம் அமைத்தார். 1884-இல் பிலடெல்பியா நகரின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

பால்டிமோர் நகரின் புதிய மருத்துவமனை

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற வணிகர் 1873-இல் இறந்தபோது, ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மருத்துவமனைக்குமாக 70 இலட்சம் டாலர் விட்டுச் சென்றார். அந்த மருத்துவமனை 1889-ஆம் ஆண்டு மே மாதம் பால்டிமோர் நகரில் திறக்கப்பட்டது. அதன் தலைமை மருத்துவராக ஆஸ்லர் பொறுப்பேற்றார். அறுவை மருத்துவத்துக்கு ஹால்ஸ்டெட், நோய்க்கூற்றியலுக்கு வெல்ச், மகளிர் மருத்துவத்துக்குக் கெல்லி என்று நால்வர் அணி அமைந்தது.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனை திறந்துவிட்டது, மருத்துவக் கல்லூரி திறக்கவில்லை. அறக்கொடையின் பெரும்பகுதி ஒரு ரயில் நிறுவனத்தின் பங்குகளில் இருந்தது. அதன் வருவாய் வற்றியதால் கல்லூரிக்குப் பணமில்லை. ஆகவே நான்கு ஆண்டுகள் அங்கே மாணவர்களே இல்லை. இருந்தவர்கள் பட்டம் பெற்ற இளம் மருத்துவர்கள் மட்டுமே. எனவே பட்டத்துக்கு முந்தைய கல்வியைவிடப் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சியே அங்கு முதலில் உருப்பெற்றது. பணமுடை கூட ஒரு புதுமைக்கு இடம் தந்தது என்றால் அது மிகையாகாது.

ஆஸ்லர் வகுத்த முறை இதுதான். பேராசிரியருக்கு அடுத்தபடி ஒரு தலைமைப் பயிற்சி மருத்துவர். அவருக்குக் கீழே துணைப் பயிற்சி மருத்துவர்கள். அவர்களுக்கும் கீழே புதிதாகப் பட்டம் பெற்றவர்கள். அனைவரும் மருத்துவமனையிலேயே குடியிருக்க வேண்டும். குடியிருப்பவர் என்று பொருள்படும் ரெசிடென்ட் என்ற பெயர் அதனால் வந்ததே. கீழ்ப்படியில் இருப்பவர் நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுவார், இரத்தத்தையும் சிறுநீரையும் தாமே சோதிப்பார். அடுத்த படியில் இருப்பவர் அதனைச் சரிபார்ப்பார். தலைமைப் பயிற்சி மருத்துவர் பேராசிரியர் இல்லாத வேளையில் வார்டு முழுவதற்கும் பொறுப்பானவர். அவருடைய பதவிக்குக் கால வரம்பு இல்லை. படிப்படியாகப் பொறுப்பு, ஒவ்வொரு படியிலும் மேலே ஒருவர் என்பதே அம்முறையின் உயிர்.

அதன் பயனை அவரிடம் பயின்றவர்களைக் கொண்டே அளக்கலாம். முதல் தலைமைப் பயிற்சி மருத்துவர் லஃப்ளூர். அவர் கவுன்சில்மன் என்பவருடன் சேர்ந்து அமீபாவால் வரும் சீதபேதியைப் பற்றி 1891-இல் எழுதிய ஆய்வு நூல் இன்றும் மருத்துவ வரலாற்றில் குறிப்பிடப்படுகிறது. அவருக்குப் பின் வந்த தேயர் ஏழாண்டுகள் அப்பதவியில் இருந்து, மலேரியா பற்றி ஆராய்ந்து, பின்னாளில் அங்கேயே பேராசிரியரானார். தாமஸ் மக்ரே பிலடெல்பியாவில் பேராசிரியராக உயர்ந்தார். ரூஃபஸ் கோல் நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆய்வுக்கழக மருத்துவமனையின் முதல் இயக்குநரானார்.

மாணவர்கள் இல்லாத அந்த ஆண்டுகளில் கிடைத்த ஓய்வில் ஆஸ்லர் எழுதிய மருத்துவப் பாடநூல் 1892-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் கிரேஸ் ரிவியர் அம்மையாரை மணந்தார்.

கல்லூரி திறக்கப்பட்டது பெண்களின் முயற்சியால் என்பதை இங்கு எழுதாமல் செல்ல முடியாது. மேரி காரெட் என்ற செல்வச் சீமாட்டி, தம் தோழியர் திரட்டிய நிதியுடன் 3 இலட்சம் டாலருக்கும் மேல் தாமே கொடுத்து, ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். 1893-இல் சேர்ந்த 18 மாணவர்களில் மூவர் பெண்கள். 1900-இல் பட்டம் பெற்ற ஃபுளாரன்ஸ் சபின், டாரத்தி ரீட் ஆகிய இருவரும் ஆஸ்லரின் வார்டுகளில் பயிற்சி மருத்துவர்களாக இருந்தவர்கள். ரீட் ஒரு வகைப் புற்றுநோயின் அடையாளமான உயிரணுவை விளக்கி எழுதினார்; அதற்கு அவர் பெயரும் சூட்டப்பட்டது. சபின் 1917-இல் அப்பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் முழுநிலைப் பேராசிரியரானார்.

சாவி கொடுத்த வீடு

முறையை மட்டும் வகுத்துவிட்டு ஒதுங்கியிருந்தால் ஆஸ்லரை நல்ல நிருவாகி என்று கூறி முடித்திருப்பேன். அவர் அதற்கும் மேலே சென்றார். சனிக்கிழமை மாலைகளில் மாணவர்கள் அவருடைய வீட்டில் கூடுவார்கள். அந்த வாரம் வார்டில் எதிர்ப்பட்ட இடர்ப்பாடுகளை முதலில் பேசுவார்கள். பின் பழைய மருத்துவ நூல்களைக் கையிலெடுத்துப் பார்ப்பார்கள். அவருடைய அடுத்த வீட்டில் இளம் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து குடியிருந்தனர். அவர்களுக்குத் தம் வீட்டு வாசற்கதவின் சாவியையே ஆஸ்லர் கொடுத்துவிட்டார். எந்நேரமும் உள்ளே வரலாம், நூலகத்தில் அமரலாம், உணவருந்தலாம். சாவிக்காரர்கள் என்றே அவர்களுக்குப் பெயர் வந்துவிட்டது.

அவர்களுள் ஒருவர் ஹார்வி குஷிங். ஹால்ஸ்டெட்டிடம் அறுவைப் பயிற்சி முடித்து, ஓராண்டு ஐரோப்பாவில் கற்று 1901-இல் திரும்பியவர். மூளையையும் நரம்பையும் மட்டுமே அறுவை செய்யும் தனித்துறையை உருவாக்க விரும்பினார். அன்று அப்படியொரு துறையே இல்லை; மூளையில் கத்தி வைத்தால் நோயாளி பிழைப்பது அரிது. பயிற்சி முடிந்துவிட்டது, நிலையான இடம் கிடைக்கவில்லை, தேர்ந்த துறையோ பலரும் அஞ்சும் துறை. அத்தகைய ஆண்டுகளில் அடுத்த வீட்டுக் கதவு அவருக்குத் திறந்திருந்தது. பின்னாளில் நரம்பு அறுவை மருத்துவத்தின் தந்தை என்று உலகம் குஷிங்கைப் போற்றியது.

இதனைப் படித்தபோது என் அக்காவை நினைத்துக்கொண்டேன். பட்டப் படிப்பு முடிந்து, நம் ஊர்ப் பேச்சில் ஹவுஸ் சர்ஜன் என்பார்களே, அந்தப் பயிற்சிக்காக ஒரு மருத்துவமனையில் அவர் சேர்ந்த முதல் வாரம். இரவுப் பணியில் மூச்சுத் திணறலோடு ஒரு முதியவரைக் கொண்டுவந்தார்கள். அக்கா பாடத்தில் படித்தது எல்லாம் நினைவில் இருந்தது. ஆனால் எதை முதலில் செய்வது என்று கை தயங்கியது. பணியில் இருக்க வேண்டிய மூத்த மருத்துவருக்குத் தொலைபேசியில் அழைத்தார், பதில் இல்லை. அக்காவுக்கு ஓராண்டு மட்டுமே மூத்தவரான ஒரு முதுநிலை மாணவர் பக்கத்து வார்டிலிருந்து ஓடிவந்து அருகில் நின்று, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லச் சொல்ல, அக்காவே செய்தார். முதியவர் பிழைத்தார். அந்த முதுநிலை மாணவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை அக்கா இன்றும் கேட்டுக்கொள்கிறார். ஒரு படி மேலே ஒருவர் இருக்க வேண்டும் என்று ஆஸ்லர் வகுத்ததன் பொருள் எனக்கு அப்போது விளங்கியது. அது தற்செயலாகக் கிடைக்கும் உதவியாக இருக்கக் கூடாது. முறையாகவே இருக்க வேண்டும்.

நிழல்களும் உண்டு

பெரியோரின் வாழ்க்கையை எழுதும்போது ஒளியை மட்டும் எழுதுவது நம் வழக்கம். வரலாற்று மாணவனுக்கு அது தகாது.

மருத்துவமனையிலேயே குடியிருக்கும் முறை இளைஞர்களிடம் பெரும் விலை கேட்டது. ஊதியம் சொற்பம், திருமணம் செய்துகொள்ள இயலாது, இரவும் பகலும் வேலை. ஹால்ஸ்டெட்டின் அறுவைத் துறையில் முறை இன்னும் கடுமையானது. 33 ஆண்டுகளில் தலைமைப் பயிற்சி மருத்துவர் என்னும் உச்சியை எட்டியவர்கள் 17 பேர் மட்டுமே. மற்றவர்கள் பாதி வழியில் விலகினர். அந்த ஹால்ஸ்டெட்டோ, 1884-இல் உணர்வு மரத்துப்போகச் செய்யும் மருந்தாகக் கோக்கைனைத் தம் உடலிலேயே சோதித்து அதற்கு அடிமையாகி, பின் மார்பியாவின் பிடியில் வாழ்நாள் முழுதும் போராடியவர். ஆஸ்லர் அதனை அறிந்திருந்தும் வெளியே சொல்லவில்லை. அவர் எழுதி மூடி வைத்த குறிப்பு 1969-இல்தான் திறக்கப்பட்டது. நண்பரைக் காத்தது நட்பு. ஆனால் பயிற்றுவிப்பவருக்கும் துணை தேவைப்படும் என்பதை அந்த முறை எண்ணிப் பார்க்கவில்லை.

ஓய்வற்ற வேலை நேரத்தின் கேடு மெதுவாகவே உணரப்பட்டது. 1984-இல் நியூயார்க்கில் 18 வயது மாணவி ஒருவர், நீண்ட நேரப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்களின் கவனிப்பில் இருந்தபோது இறந்தார். அதன் விளைவாக 1989-இல் அம்மாநிலமும், 2003-இல் அமெரிக்கா முழுவதும் பயிற்சி மருத்துவர்களின் வேலையை வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரையறுத்தன.

இன்னொரு நிழல் நம்மை நேரே தொடுவது. 1914-இல் ஆசிய மக்கள் கனடாவில் குடியேறுவதைப் பற்றிப் பேசிய ஆஸ்லர், அது வெள்ளையர் நாடாகவே இருக்க வேண்டும் என்ற கருத்தை ஆதரித்தார். அதே ஆண்டில்தான் கோமகட்டா மாரு கப்பலில் சென்ற நம் நாட்டவர் வான்கூவர் துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். அவருடைய வீட்டுக் கதவு தாராளமாகத் திறந்தது. ஆனால் எல்லாருக்கும் திறக்கவில்லை.

ஆக்ஸ்போர்டும் இறுதி நாட்களும்

1905-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் மிக உயர்ந்த மருத்துவப் பேராசிரியர் பதவி ஆஸ்லரைத் தேடி வந்தது. அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர், இளமையில் லண்டனில் அவருக்குக் கற்பித்த பர்டன் சாண்டர்சனே. பால்டிமோரை விட்டுப் புறப்படுமுன் ஆற்றிய உரையில், முதியவர்கள் உரிய காலத்தில் ஓய்வு பெற்று இளைஞர்களுக்கு இடம் விட வேண்டும் என்பதை ஒரு நாவலைச் சுட்டி வேடிக்கையாகச் சொன்னார். பத்திரிகைகள் அதனை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரும் கூச்சல் எழுந்தது.

ஆக்ஸ்போர்டிலும் அவருடைய வீடு அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த இளம் மருத்துவர்களால் நிறைந்திருந்தது. 1911-இல் சர் பட்டம் பெற்றார். பிறகு உலகப் போர் வந்தது. ஒரே மகன் எட்வர்டு ரிவியர் பீரங்கிப் படையில் சேர்ந்து, 1917 ஆகஸ்டில் பெல்ஜியப் போர்முனையில் படுகாயமுற்றார். செய்தி கேட்டு விரைந்து வந்த அமெரிக்க அறுவை மருத்துவர்களுள் ஹார்வி குஷிங்கும் ஒருவர். எந்த வீட்டின் சாவி அவர் கையில் இருந்ததோ, அந்த வீட்டுப் பிள்ளையைக் காக்க அவர் இரவெல்லாம் முயன்றும் பயனில்லை. 21 வயதில் ரிவியர் மறைந்தார். ஆஸ்லர் உள்ளுக்குள் உடைந்துபோனார்.

ஆனாலும் தம் பணியை விடவில்லை. போர் முடிந்ததும் படையிலிருந்து திரும்பிய மருத்துவர்கள் பலர் மேற்பயிற்சி தேடி லண்டனில் அலைந்தனர். அந்நகரில் பெரிய மருத்துவமனைகள் பல இருந்தும், பட்டம் பெற்றவர்களுக்குக் கற்பிக்க ஒருங்கிணைந்த ஏற்பாடு இல்லை. அதற்காக 1919-இல் இரு அமைப்புகள் இணைந்து ஒன்றானபோது ஆஸ்லரே தலைவரானார். அவ்வமைப்பு 1925-இல் தொடங்கிய மருத்துவ இதழ் இன்றும் வெளிவருகிறது. பட்டத்துக்குப் பிந்தைய கல்விக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி லண்டனில் 1935-இல் திறக்கப்பட்டது.

அதைக் காண அவர் இல்லை. 1919-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், தம் 70-ஆம் வயதில், நுரையீரல் நோயால் ஆக்ஸ்போர்டில் காலமானார். அவர் சேர்த்த ஏறத்தாழ 8,000 நூல்கள் மக்கில் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. அந்நூல்களின் நடுவிலேயே அவருடைய அஸ்தியும் வைக்கப்பட்டுள்ளது. அவருடைய வரலாற்றை எழுதியவர் யார் தெரியுமா? சாவிக்காரர் குஷிங்தான். அந்நூலுக்கு 1926-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

நாம் பெறுவது என்ன?

நம்மில் மருத்துவராகப் போகிறவர் எவருமில்லை. ஆசிரியராக, அலுவலராக, வழக்கறிஞராகப் போகிறோம். அங்கும் பட்டத்துக்கும் தேர்ச்சிக்கும் இடையே ஒரு பாதை உண்டு; முதல் வகுப்பில் நடுங்கும் ஆசிரியருக்கும், முதல் கோப்பில் திகைக்கும் அலுவலருக்கும் ஒரு படி மேலே ஒருவர் தேவை. மூத்தவர்கள் இளையவர்களுக்கு நேரம் ஒதுக்குவதைப் பெருந்தன்மை என்று நாம் புகழ்கிறோம். ஆஸ்லரின் வாழ்க்கையைப் படித்த பின் அதனைக் கடமை என்றே எண்ணத் தோன்றுகிறது. தமக்குக் கற்பித்த மூவரின் பெயரைத் தம் நூலின் முகப்பில் வைத்தவர், தாம் கற்பித்தவர்களின் கையில் தம் வீட்டுச் சாவியை வைத்தார். அவர் ஒதுக்கியவர்களுக்கும் சேர்த்து அக்கதவைத் திறந்து வைப்பது நம் தலைமுறையின் பணி. நாளை நாமும் எங்கேனும் ஒருவருக்கு மூத்தவராக இருப்போம். அன்று தொலைபேசி ஒலித்தால் எடுப்போமாக!